தசரதனின் அழுக்குச் சான்றிதழ்

கல்லாத்துக்கொல்லை தசரதன் அழுக்கானவர்தான் என்று மலைவாழ் மகளிர் மேனிப்பொருள் மேம்பாட்டு வாரியம் ஒப்புக்கொள்ள நாற்பத்தோரு நாள் ஆயிற்று. அந்த நாற்பத்தோரு நாளும் அவர் குளிக்கவில்லை. குளிக்கக் கூடாது என்று உத்தரவு.

இத்தனைக்கும் தசரதன் தண்ணீரைக் கண்டால் விடமாட்டார். ஜவ்வாது மலையில் ஒன்றரை ஏக்கர் சாமை, ஏழு புளியமரம், ஒரு கறவை மாடு என்று பிழைக்கிற மனிதர். சாயந்திரம் கொல்லையிலிருந்து திரும்புகையில் ஓடையில் இறங்கினால், கூட இறங்கிய எருமைகள் கரையேறிப் போன பிறகும் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பார்.

வினை அவர் மனைவி ஜெயசுதாவின் கைப்பக்குவத்தால் வந்தது. அவள் வீட்டிலேயே உடம்புக்குத் தேய்க்கிற பொடி ஒன்று செய்வாள். சாமைத் தவிட்டை இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவைப்பாள். பாசிப்பயறைத் திருகையில் ரவை பதத்துக்கு உடைப்பாள். காய்ந்த நெல்லிக்காயை இடித்து, கஸ்தூரி மஞ்சள் சேர்த்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து டப்பாவில் அடைத்துவிடுவாள். குளிக்கும் நேரத்தில் மலைத்தேன் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்துத் தேய்த்தால், முழங்கையில் பத்து வருஷமாகக் குடியிருந்த கருப்புகூடக் காலி செய்துகொண்டு போய்விடும். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேர் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். ஜமுனாமரத்தூர் சந்தையில் விற்றார்கள். வேலூரில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் புவனா ஒரு பொட்டலம் வாங்கிப்போய்த் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுவாரமே மலையேறி வந்தாள். இதற்கு 'பாடி ஸ்க்ரப்' என்று பெயர் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

"மாசாமாசம் எரநூறு டப்பா எடுத்துக்கறேன்க்கா. ஆனா லேபிள்ல வாரியத்தோட ஒப்புதல் எண் இருக்கணும். தை பொறக்கறதுக்குள்ள வாங்கிடுங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

ஏழு பெண்களும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஜெயசுதாவுக்கு மகள் ரம்யாவின் நர்சிங் கல்லூரிக் கட்டணம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாளுக்கு, மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போன புருஷன் ஊரோடு திரும்பி வந்து இருப்பது. ஆளுக்கொரு ஆசையோடு விண்ணப்பம் போட்டார்கள்.

கார்த்திகை மழை நின்ற ஒரு காலையில் வாரியத்தின் கள ஆய்வாளர் சதீஸ்குமார் கையில் டேப்லெட்டோடு வந்து இறங்கினார். பொடியை விரலால் தொடாமல் எட்டி நின்று பார்த்தார்.

"இதைத் தேய்ச்சா என்ன ஆகும்?"

"அழுக்குப் போகும் சார்," என்றாள் ஜெயசுதா.

"யாரோட அழுக்கு?"

"யாரு தேச்சிக்கிறாங்களோ அவங்களோட அழுக்கு."

"அப்படிப் பொதுவாச் சொன்னா படிவத்துல ஏறாதும்மா. பேர் வேணும், வயசு வேணும். வாரிய விதிப்படி, பொருளை நிரூபிக்க அங்கீகரிக்கப்பட்ட அழுக்கு நபர் ஒருத்தர் தேவை. அவர் அழுக்கானவர்னு நாங்க முதல்ல சான்றிதழ் கொடுப்போம். அப்புறம் உங்க பொருளைத் தேய்ச்சு, அழுக்குப் போயிடுச்சுன்னு இன்னொரு சான்றிதழ். ரெண்டும் சேர்ந்தா ஒப்புதல் எண்."

அந்த நேரம் பார்த்துத்தான் தசரதன் சாமைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு, முழங்கால் வரை செம்மண்ணோடு வாசலுக்கு வந்தார். ஏழு பெண்களும் கள ஆய்வாளரும் ஒரே சமயத்தில் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"இன்னா?" என்றார் தசரதன்.

அரை மணி நேரத்தில் அவருடைய முகத்தை மூன்று கோணத்தில் படம் பிடித்து ஏற்றியாயிற்று. இடது முழங்கையின் கீழே ஊதா மையில் ஒரு முத்திரை விழுந்தது. 'மாதிரி எண் 1. கழுவக் கூடாது.'

"எத்தினி நாளிக்கி சார்?" என்று கேட்டார்.

"ஒரு வாரம். அதுக்குமேல போகாது. மழையில மட்டும் நனைஞ்சுடாதீங்க. மாதிரி கெட்டுப்போயிடும்." சொல்லிவிட்டு ஒரு குடையையும் கொடுத்து, குடை பெற்றுக்கொண்டதற்குக் கைரேகையும் வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம்தானே என்று தசரதனும் இருந்துவிட்டார். ஏழாம் நாள் சதீஸ்குமார் வந்து, பெயின்ட் கடையில் காட்டுவது போன்ற நிற அட்டை ஒன்றை அவர் முதுகில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாலாம் நிறம் வரணும். உங்களுக்கு மூணேகால்தான் வருது."

"நேத்து பூரா ஏர் ஓட்டினேனே சார்."

"உழைப்பு இருக்குதுங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா முடிவு வரலையே. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

தசரதன் முயற்சி பண்ணினார். புழுதியில் உட்கார்ந்தார், கரிமூட்டம் போட்ட இடத்தில் போய் நின்றார். வீட்டுக்குள் படுக்க ஜெயசுதா சம்மதிக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் படுத்தார். அங்கே மாடு சம்மதிக்கவில்லை. கயிறு எட்டுகிற மட்டும் தள்ளிப்போய் நின்றுகொண்டது. ஊர்க்கூட்டத்தில் அவர் பேச எழுந்தால், முன்வரிசை முழுதும் அவர் கருத்தை ஏற்றுக்கொண்டு சீக்கிரம் கலைந்தது.

இரண்டாம் வாரம் நிறம் நாலைத் தொட்டது. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. சதீஸ்குமார் அதைப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"உங்க உடம்புல இருக்கிறது செம்மண், புழுதி, வேர்வை. எல்லாமே இயற்கைங்க. இயற்கைப் பொருளால இயற்கை அழுக்கை எடுத்தா அது இயற்கைக்குள்ள நடந்த விஷயம். அதுல வாரியம் தலையிட முடியாது. அங்கீகாரம் பெற்ற மாசு வேணும்னு கேக்கறாங்க. புகை, டீசல், தார் அந்த மாதிரி."

"மலைமேல டீசலுக்கு எங்க சார் போறது?"

"அதுக்குத்தான் உத்தரவு போட்டிருக்காங்க. கணியம்பாடியில மெயின் ரோட்டு ஓரமா மூணு நாள் நிக்கணும்."

தசரதன் ஜெயசுதாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"போதும்யா," என்றாள் மெதுவாக. "ஓடைக்கிப் போய்ட்டு வந்துடு. அந்த நம்பரும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்."

அப்போது பெரியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். அவள் கையில், புருஷனுக்கு வரச்சொல்லித் தகவல் அனுப்ப வைத்திருந்த கைப்பேசி இருந்தது. தசரதன் அதைப் பார்த்துவிட்டார்.

"மூணு நாளுதானமே. நின்னுட்டு வந்துர்றேன்," என்றார்.

கணியம்பாடியில் நின்றார். லாரிகள் போயின, பேருந்துகள் போயின. ஒவ்வொன்றும் தன்னால் முடிந்ததை அவர் மேல் ஊதிவிட்டுப் போயிற்று. கையில் குடை, இடுப்பில் மடித்துச் செருகிய உத்தரவு. எதிரிலிருந்த டீக்கடைக்காரர் இரண்டாம் நாள் மனம் பொறுக்காமல் ஒரு டீயோடு வந்தார்.

"இன்னா பெரியவரே, வேண்டுதலா?"

"இல்லீங்க. வாரியம் நிக்கச் சொல்லிச்சி."

டீக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்த ஊரு அம்மன் அது?"

தசரதன் விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். விளக்க விளக்க அம்மன் என்றே வைத்துக்கொள்வது சுலபமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் ஒரு பாட்டி அவர் காலடியில் ஐந்து ரூபாயும் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனாள்.

மலை திரும்பிய அன்றே சதீஸ்குமார் அந்தப் புகை அப்பிய முகத்தைப் படம் பிடித்து, பழைய படத்தை எடுத்துவிட்டுக் கோப்பில் இதை ஏற்றிக்கொண்டார். பிறகு சான்றிதழுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் ரம்யாவின் கல்லூரியில் விளக்கேற்றும் விழா வந்தது. முதலாண்டுப் பெண்கள் வெள்ளைச் சீருடையோடு விளக்கைக் கையில் ஏந்தி உறுதிமொழி எடுக்கிற விழா. தாய் தகப்பன் இரண்டு பேரும் வரவேண்டும் என்று அட்டை வந்திருந்தது. தசரதன் அந்த அட்டையை வாங்கி, விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து, இரண்டு தடவை படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இருந்தும் இரண்டு தடவை.

"சார்கிட்ட ஒரு நாளிக்கி மட்டும் கேட்டுப் பாரேன். குளிச்சிட்டுப் போய்ட்டு, வந்து மறுபடியும் மண்ணுல குந்திக்கிறேன்."

ஜெயசுதா போனில் கேட்டாள். சதீஸ்குமார் மேலே கேட்டார். மேலிருந்து வந்த பதில், குளிப்பதற்கு விடுப்பு கொடுக்க விதியில் இடமில்லை, ஆனால் மாதிரி தன் சொந்தப் பொறுப்பில் பயணம் செய்ய ஆட்சேபணை இல்லை என்பது.

பேருந்தில் மூன்று பேர் உட்காரும் இருக்கை முழுவதும் அவருக்கே கிடைத்தது. திருவண்ணாமலையில் இறங்கியதும், கல்லூரி வாசல் வரைக்கும் ஜெயசுதாவோடு நடந்தவர், எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

"நீ போய்ட்டு வா. நான் இங்கயே கீறேன்."

உள்ளே ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். 'த. ரம்யா' என்று கேட்டபோது தசரதன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். விழா முடிந்து மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். சாலையைக் கடக்கப் பார்த்தாள்.

"நைனா! ஏன் உள்ள வர்ல?"

"அங்கயே நில்லும்மா. வெள்ளத்துணி. என்னாண்ட வராத."

அவள் அந்தப் பக்கமே நின்றாள். நடுவில் ஆட்டோக்கள் போய்வந்துகொண்டிருந்தன. ரம்யா அழுவதைப் பார்த்துத் தசரதன் சிரித்துக் காட்டினார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

நாற்பத்தோராவது நாள் சான்றிதழ் வந்தது. கனமான தாள், தங்க நிற ஓரம். 'மேற்படி தசரதன் வாரியத்தின் தர அளவுகளின்படி முழுமையாக அழுக்கானவர் எனச் சான்றளிக்கப்படுகிறது.' மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூவரில் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை.

இத்தனை பெரிய சாதனையைச் சும்மா விடலாமா? மார்கழிக் கடைசி வாரம், சந்தை நாளில், ஜமுனாமரத்தூரில் மேடை போட்டார்கள். 'அழுக்கிலிருந்து விடுதலை' என்று பேனர். மேடை நடுவில் நாற்காலியில் தசரதன். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர். துணை இயக்குநர் தனசேகரன் சால்வையோடு வந்து இறங்கி, மேடையேறி, "மாதிரி வந்துடுச்சா?" என்று தசரதனுக்கு முன்னால் நின்று சதீஸ்குமாரிடம் விசாரித்தார். பிறகு பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! வாரியம் வர்றதுக்கு முன்னாடியும் இந்த மலையில அழுக்கு இருந்தது. நான் மறுக்கல. ஆனா அது முறைப்படுத்தப்படாத அழுக்கு. யார் வேணும்னாலும் அழுக்காகலாம், யார் வேணும்னாலும் குளிக்கலாம்னு ஒரு நிலைமை. அந்த நிலைமையை நாம மாத்தியிருக்கோம்! இன்னைக்கு இந்த மனிதர் மேல இருக்கிறது சாதாரண அழுக்கு இல்லை. நாற்பத்தோரு நாள், பதினாறு கடிதம், ஒன்பது அதிகாரிகளோட உழைப்பு. சில பேர் என்கிட்ட கேக்கறாங்க, 'சார், இந்தப் பொடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?' தெரியாதுங்க. தெரிஞ்சுக்கிட்டா மனசுல ஒரு சார்பு வந்துடும். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, நான் ஒப்புதல் கொடுத்த எந்தப் பொருளைப் பத்தியும் எனக்கு எதுவும் தெரியாதுன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்!"

கைதட்டினார்கள். வாரிய ஊழியர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

துணை இயக்குநர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சிட்டிகைப் பொடியைத் தசரதனின் தோளில் வைத்தார். வைத்ததும் கையுறையைக் கழற்றி எறிந்தார். மிச்சத்தை ஜெயசுதா பார்த்துக்கொண்டாள். தேனில் குழைத்த பொடியை அள்ளி எடுத்துத் தேய்த்தாள். முதுகு, தோள், கழுத்து, காது மடல். நாற்பத்தோரு நாள் ஆத்திரமும் அவள் உள்ளங்கையில் இருந்தது. ஒவ்வொரு சொம்புக்கும் தண்ணீர் கறுப்பாக ஓடிற்று. பிறகு பழுப்பாக. பிறகு தண்ணீர் நிறத்திலேயே ஓடிற்று. அழுக்குக்கு உள்ளேயிருந்து தசரதன் வந்தார். கூட்டத்தில் விசில் பறந்தது. தசரதன் கண்ணை மூடிக்கொண்டு, கூட்டத்தையும் மேடையையும் மறந்து, ஓடையில் உட்கார்ந்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

சதீஸ்குமார் டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. வெளிச்சம் மாற்றி மூன்றாம் தடவை.

"சார்," என்றார் தனசேகரனின் காதருகே. "முகம் பொருந்தல. வேறு நபர்னு வருது."

"கையில முத்திரை இருக்குமே, அதைப் பாருங்க."

சதீஸ்குமார் தசரதனின் இடது கையைத் திருப்பினார். குழந்தையின் கை போலப் பளிச்சென்று இருந்தது.

"முத்திரையும் போயிடுச்சு சார்."

"அது எப்படிப் போகும்? வாரியத்து மை. எதுக்கும் போகாதுன்னு டெண்டர்லயே இருக்கு."

"அந்தம்மா தேய்ச்சாங்க சார். போயிடுச்சு."

துணை இயக்குநர் சற்று யோசித்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "அப்ப மாதிரி எங்க?"

"நான்தான் சார்," என்றார் தசரதன், கண்ணைத் திறந்து.

"நீங்க யாருன்னு நான் கேக்கலைங்க. சான்றிதழ் பெற்ற அழுக்கு நபர் எங்க? மேடைக்கு வந்தது அவர். இப்ப உட்கார்ந்திருக்கிறது நீங்க. இதுக்கு ஆள்மாறாட்டம்னு பேரு."

ஜெயசுதா சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னா சார் பேசற நீ? ஊரே பாத்துக்கினு இருக்கசொல்ல தேச்சேன். பொடி வேலை செஞ்சிச்சி, அதான் ஆளு மாறிட்டாரு. அதுக்குத்தான சார் இத்தினி நாளா நாயா அலைஞ்சோம்?"

"அம்மா, கோபப்படாதீங்க. உங்க பொருள்ல ஒரு குறைபாடு இருக்கு. அளவுக்கு மீறி வேலை செய்யுது. வாரியம் எதிர்பார்க்கிறது, அழுக்குப் போகணும், ஆனா அடையாளம் தெரியற அளவுக்கு மிச்சம் இருக்கணும். ஒண்ணு பண்ணலாம். பொடியோட சக்தியைக் கொஞ்சம் குறைச்சுட்டு மறுபடியும் விண்ணப்பம் போடுங்க. இவரையும் பழைய நிலைமைக்குக் கொண்டு வந்துடுங்க. இந்தத் தடவை முப்பது நாள்ல முடிச்சுத் தர்றேன். என் பொறுப்பு."

தசரதன் எழுந்தார். ஈர வேட்டியைப் பிழிந்தார். நாற்காலிக்குக் கீழே கிடந்த குடையை எடுத்துச் சதீஸ்குமாரின் கையில் கொடுத்தார்.

"சார், உங்க ஃபைல்ல ஒருத்தன் அழுக்கா குந்திக்கினு கீறான் பாருங்க. அவன் என் பொண்ணு விளக்கேத்தறப்ப ரோட்டுமேல நின்னவன். அவன நீங்களே வெச்சிக்குங்க. எப்ப தோணுதோ அப்ப நீங்களே குளிப்பாட்டிக்குங்க." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "வாங்க, பஸ்ஸு போய்டப் போவுது."

ஒப்புதல் எண் வரவில்லை. தை பிறந்தது. வேலூர் புவனா வேறு ஆள் பார்த்துக்கொண்டாள். பெரியம்மாள் கேரளாவுக்குத் தகவல் அனுப்பவில்லை. தசரதனைக் கண்டால் நின்று, "நீ இன்னா பண்ணுவ, மாமா," என்றாள்.

மாசியில் வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. அதையொட்டி ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தின் மேல் இருபதடிக்கு ஒரு பேனர் எழுந்தது. 'வாரியத்தால் பொலிவு பெற்ற பயனாளி' என்ற எழுத்துக்குக் கீழே தசரதனின் முகம். கோப்பில் சரிபார்க்கப்பட்ட படத்தைத்தான் போட முடியும் என்பதால், கணியம்பாடிப் புகையெல்லாம் அப்பிய அந்த முகம். கண் இரண்டும் எங்கிருந்தோ எட்டிப் பார்த்தன.

சந்தை நாளன்று ஜெயசுதாவும் மற்ற ஆறு பேரும் கோணியை விரித்து, பொடிப் பொட்டலங்களை அடுக்கி உட்கார்ந்தார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. பேனருக்கு நேர் கீழேதான் கிடைத்தது. தசரதன் பொட்டலம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

போளூரிலிருந்து மலை பார்க்க வந்த ஒரு அம்மாள் பொட்டலத்தைக் கையில் எடுத்து முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள். எடுத்த பொட்டலத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, இதத் தேச்சித்தான் அந்தாளு அப்பிடி ஆனாரா?"

"அது வாரியம் பண்ணதும்மா," என்றாள் ஜெயசுதா. புருஷனின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நாங்க பண்ணது இதோ, குந்திக்கினு கீது பாரு."

அந்த அம்மாள் பேனரைப் பார்த்தாள், தசரதனைப் பார்த்தாள், மறுபடி பேனரைப் பார்த்தாள். ஆறு பொட்டலம் கேட்டாள்.